கடத்தல்காரர் வரிசையில் ஒரு மோரோ

வலென்சியா பக்கத்தில் எங்கள் ஊர் பெனிமசாரில் மோரோ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அந்தக் காலத்து முஸ்லிம்–கிறிஸ்தவர் சண்டையை நடித்துக் காட்ட ஆகஸ்ட் கடைசியில் நடக்கிற மூன்று நாள் திருவிழாவில், பட்டு உடுத்தித் தலைப்பாகை கட்டி, முகத்தில் ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு, சதுக்கத்து மரக்கோட்டையைப் பிடிக்க வருகிறவன் மோரோ. நிஜத்தில் அவன் பல் டாக்டராக இருப்பான், இல்லாவிட்டால் மருந்துக்கடை முதலாளி. பெண்கள் பால்கனியிலிருந்து அவன்மேல் காகிதப் பூ தூவுவார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் மோரோ என்றால் மொரோக்கோவிலிருந்து பிழைக்க வந்தவன். அவனுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும்.

மீமூன் அகுதாத் இரண்டாவது வகை மோரோ. ஆனால் திருவிழாவில் அவர் நின்றது கிறிஸ்தவர் பக்கம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு ரொம்ப காலம் அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

என் பெயர் ரெமேய். சதுக்கத்துக் கடை என்னுடையது. காலையில் காப்பி, மதியம் சாப்பாடு, மாலையில் மது. மாடியில் கடத்தல்காரர் குழுவின் மன்றம். திருவிழாவில் கிறிஸ்தவர் பக்கம் சண்டை போடுகிற குழுக்களில் இதுதான் ஏழைக் குழு, ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்தது. மலைப்பாதைக் கடத்தல்காரர்களின் வேஷம் போடுவார்கள்: தலையில் துணி, குட்டைச் சட்டை, தோளில் கோடு போட்ட போர்வை, கையில் வாயகன்ற பழைய துப்பாக்கி. பெண்களை வரிசையில் சேர்க்க மாட்டார்கள், சமையலறையில் தாராளமாகச் சேர்ப்பார்கள். அவர்களுக்கு ஆக்கிப் போடுவது நான்தான். அதனால் மாடியில் பேசுவதெல்லாம் என் காதில் விழும், என் வாயும் சும்மா இருக்காது. அந்தப் பயல்களை மூக்கொழுகத் திரிந்த காலத்திலிருந்து தெரியும் என்பதால் எல்லாரையும் அவன் இவன் என்றுதான் சொல்வேன். மீமூனை மட்டும் அவர் என்கிறேன். அவர் இங்கே வந்து இறங்கும்போதே முழு மனிதராக வந்தார்.

தொண்ணூறாம் வருஷம் வந்தார். அவர் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் மொரோக்கோவில், நாடோர் துறைமுகத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமம். எங்கள் போர்வை ஆலையில் இரவு வேலைக்கு ஆள் கிடைக்காமல் முதலாளி பைத்தியம் பிடித்துத் திரிந்த நேரம். அப்போதெல்லாம் ஊரே அவர்களை வா வா என்றது. பாதிரியார் நோன்பு திறக்கக் கோயில் மண்டபத்தைக் கொடுத்தார். ஊராட்சி அச்சடித்த சுவரொட்டி ஒன்றில் மீமூனும் பாதிரியாரும் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள், அடியில் எல்லா நிறமும் நம் நிறம் என்று எழுதியிருந்தது. மீமூன் அதைப் பார்த்து, "நான் அவரை விடச் செவப்பாத்தான் இருக்கேன்" என்றார். உண்மைதான். அவருக்குப் பச்சைக் கண்.

தொண்ணூற்றிரண்டில் கடத்தல்காரர் வரிசையில் ஒருவன் திருவிழாவுக்கு முந்தின வாரம் காலை உடைத்துக்கொண்டான். வரிசையில் பதினோரு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க வேண்டும், ஒரு ஆள் குறைந்தால் பல் போன வாய் மாதிரி இருக்கும். ஆலையில் மீமூனுக்குப் பக்கத்துத் தறியில் நின்ற பாதிஸ்தே என்கிற முரடன் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, உடைந்த காலின் சொந்தக்காரனுடைய சட்டையை மாட்டிவிட்டான். தோளில் போட்ட போர்வை மீமூனே நெய்தது. ஊர்வலம் பார்க்க வந்த வெளியூர்க் கிழவி ஒருத்தி, "இவன் ஒருத்தன்தான் அசல் கடத்தல்காரன் மாதிரி நடக்கிறான்" என்றாள். மோரோ குழுவில் சேர்ந்திருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "அங்க பட்டுக்குக் காசு வேணும். ஷூ பாலிஷ் செலவு மட்டும்தான் எனக்கு மிச்சம்" என்றார் மீமூன்.

அப்படியே நிலைத்துவிட்டார். இரண்டாம் நாள் விடியலில் துப்பாக்கிச் சண்டைக்கு முன் மன்றத்தில் பன்றித் தொத்திறைச்சி பொரிப்போம். அவருக்கு மட்டும் வேறு வாணலியில் முட்டையும் காய்ந்த மிளகாயும். பயல்கள் மூலிகைச் சாராயம் குடிப்பார்கள், அவர் எலுமிச்சைச் சோடா. எங்கள் ஊரைக் காக்கிற புனிதர் அகுஸ்தீன் ஆப்பிரிக்காவில் பிறந்தவர் என்று பாதிரியார் ஒரு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அதிலிருந்து மீமூன் ஒவ்வொரு வருஷமும் சோடாவைத் தூக்கி, "உங்க சாமி எங்க பக்கத்து ஊர்க்காரரு, மரியாதையா நடந்துக்கங்க" என்பார். பாதிஸ்தே ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை கேட்கிறவன் மாதிரி சிரிப்பான்.

மனைவி யமீனாவைத் தொண்ணூற்றேழில் கூட்டிவந்தார். மூன்று குளிர்காலம் இருந்து பார்த்தாள். இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒருத்தியும் கதவைத் தட்டுவதில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பெண் குழந்தைகளோடு நாடோருக்கே திரும்பிப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, நானும் தட்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் மேல்தெருவில் தனியாக இருந்தார். அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மொரோக்கோக்காரர்கள் எல்லாரும் ஆகஸ்ட் முழுக்க ஊருக்குப் போய்ச் செப்டம்பரில் திரும்புவார்கள். இவர் மட்டும் திருவிழாவுக்காகப் பத்து நாள் முன்னாலேயே கப்பல் ஏறிவிடுவார். யமீனா துறைமுகத்தில் வைத்தே கேட்பாளாம்: "அங்க இருக்கிற இன்னொருத்தி பேரு என்ன, வெடிமருந்தா?" இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் குழுவில் எல்லாம் முறைப்படி. தேர்தல் கிடையாது, சிபாரிசு கிடையாது. சண்டை நாள் விடியலில் சதுக்கம் மூச்சடக்கி நிற்கும்போது நீரூற்றுப் படியில் ஏறி முதல் வெடி போடுகிற உரிமை, குழுவில் சேர்ந்த வருஷ வரிசைப்படி வரும். ஆயுளில் ஒரு தடவை. அந்த நிமிஷத்துப் படம் எங்கள் வீடுகளில் கல்யாணப் படத்துக்கு மேலே தொங்கும். மீமூனின் முறை இரண்டாயிரத்துப் பதினெட்டில் வருகிறது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "அதுவரைக்கும் செத்துடாத" என்று பாதிஸ்தே அவரை மிரட்டுவான்.

இதற்கிடையில் ஊர் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. அப்படி மாறியிருந்தால் நானே வாசலில் நின்று சண்டை போட்டிருப்பேன். இரண்டாயிரத்து ஒன்பதில் ஆலையை மூடினார்கள். மொரோக்கோக்காரர்களில் பாதிப் பேர் பெல்ஜியம் போனார்கள். மீமூன் எண்ணெய் ஆலையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்து இங்கேயே இருந்துவிட்டார். வேலையில்லாத எங்கள் ஆட்கள் பகல் முழுக்க என் கடையில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அது பேசியதை இவர்களும் பேசினார்கள். மொரோக்கோக்காரர்கள் தொழுகைக்கு ஒரு பழைய கார்க்கொட்டகையை வாடகைக்கு எடுத்தபோது ஊரில் எதிர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளை என் கடைக்குக் கொண்டுவந்தவன், அங்கே உட்கார்ந்திருந்த மீமூனைப் பார்த்ததும் மடித்து வைத்துக்கொண்டு, "உன்னைச் சொல்லல மீமூன், நீ வேற" என்றான். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். நீ வேற. தோளில் தட்டிக்கொண்டே சொல்வார்கள். அவரும் தலையாட்டுவார்.

இரண்டாயிரத்துப் பதினேழு ஆகஸ்டில் பார்சலோனாவில், மொரோக்கோவில் பிறந்த ஒருவன் வேனைக் கூட்டத்தில் விட்டு ஆட்களைக் கொன்றான். எங்கள் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மீமூன் வழக்கம்போல் சீக்கிரம் கிளம்பி வந்திருந்தார். சண்டைக்கு முந்தின நாள் குழுத்தலைவன் விசென்ட் அவரை என் சமையலறைக்குள் கூட்டிவந்தான். விசென்ட் கெட்டவன் இல்லை, முதுகெலும்பு கொஞ்சம் மிருது.

"இந்த ஒரு வருஷம் மட்டும் வெடிமருந்து வேணாம் மீமூன். துப்பாக்கிய எடுத்துக்கோ, வரிசையில வா, சும்மா தூக்கிக் காட்டு. பக்கத்துல அத்தன பேரும் சுடறப்ப யாருக்குத் தெரியப்போகுது."

"எனக்குத் தெரியுமே" என்றார் மீமூன்.

"ஜனங்க பயந்து கெடக்காங்கப்பா. நான் உன்னைச் சொல்லல."

"வேற யாரைச் சொல்ற? இங்க நம்ம மூணு பேருதான இருக்கோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கிட்ட மொளகாத்தூள் இருக்கு விசென்ட், அதையும் பூட்டி வச்சுடவா" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். பதினோரு பேரும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். பத்து வெடித்தது. மீமூனின் துப்பாக்கி சும்மா இருந்தது, ஆனால் அவர் தோள் மட்டும் மற்றவர்கள் தோளோடு சேர்ந்து பின்னால் ஒரு உதறு உதறியது. இத்தனை வருஷப் பழக்கம்.

மறு வருஷம் அவருடைய முறை. மருந்தே கொடுக்கப்படாத ஆளுக்கு முதல் வெடி எப்படிக் கொடுப்பது? முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவனுக்கும் தைரியம் இல்லை. சரி என்று ஊரைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் இல்லை. இந்தச் சமயத்தில்தான் மேயர் நேயுஸ் ஒரு யோசனையோடு மாடியேறி வந்தாள். இளம் பெண், வலென்சியாவில் படித்தவள், நல்லவள். நல்லவர்கள் தொடங்குகிற காரியத்தைத் தடுக்கத்தான் நமக்கு வாய் வராது.

"மீமூன், இந்த வருஷம் நீங்க மோரோ தளபதி" என்றாள். "உடுப்பு, குதிரை, வாத்தியம் எல்லாம் ஊராட்சி செலவு. நிஜ மொரோக்கோக்காரர் ஒருத்தர் எங்க மோரோ தளபதின்னா நாடே திரும்பிப் பார்க்கும். வெறுப்பு பேசறவங்களுக்கு இதுதான் பதில்."

விசென்டின் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஒரு நிம்மதி. மோரோ தளபதிக்கு வாள்தான், வெடிமருந்து கிடையாது.

"நான் கடத்தல்காரனாச்சே" என்றார் மீமூன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

"குதிர மேல வருவடா" என்றான் பாதிஸ்தே. "நான் கழுத மேலகூட ஏறினதில்ல."

"அப்ப என் முறை?"

"அது எங்க ஓடிப்போகுது" என்றான் விசென்ட். "அடுத்த வருஷம் வச்சுக்கலாம்."

"அடுத்த வருஷம் மருந்து தருவியா?"

விசென்ட் ரொட்டியை எடுத்துப் பிய்க்க ஆரம்பித்தான். நேயுஸ், "என்ன மருந்து, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தட்டுகளைச் சத்தமாக அடுக்கினேன்.

மீமூன் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மூணாம் நாளும் நானேதானா?"

அப்போதுதான் அந்த அறைக்கு மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. முதல் நாள் ஊர்வலம். இரண்டாம் நாள் மோரோக்கள் கோட்டையைப் பிடித்து, சாயங்காலம் தோற்பார்கள். மூன்றாம் நாள் கோயில் வாசலில், தோற்ற தளபதி தலைப்பாகையைக் கழற்றி வைத்து மண்டியிட்டு, தன் மதத்தை விட்டு எங்கள் மதத்தில் சேருவான். தலையில் குவளைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. மூன்றாம் நாளுக்குள் தளபதிக்குப் போதை ஏறி வசனம் மறந்துவிடும். சனங்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நிற்பார்கள். பல் டாக்டர் மண்டியிட்டால் அவன் பல் டாக்டராகவே எழுந்திருப்பான். ஒரு முஸ்லிமைத் தளபதியாக்கி மரியாதை செய்யப் புறப்பட்டவர்கள், அவரை மண்டியிட வைக்கப்போகிறோம் என்பதை மறந்தே போனார்கள். இந்தத் தப்பை எங்கள் ஊரால் மட்டும்தான் செய்ய முடியும்.

நேயுஸ் சிவந்துபோய், "அந்தக் காட்சிய எடுத்துடலாம்" என்றாள்.

பாதிஸ்தே எழுந்துவிட்டான். "ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாது. பரம்பரையா சொல்லிட்டு வர்ற வசனம்."

"உனக்கு அதுல ஒரு வரி தெரியுமாடா?" என்று கேட்டேன். தெரியாது. இருந்தாலும் தொடக் கூடாது என்றான்.

ஒரு வாரத்தில் ஊர் இரண்டாகிவிட்டது. எங்கள் திருவிழாவைத் தொடாதே என்று சுவர்களில் எழுதினார்கள். மோரோ வந்து நம் சடங்கையே மாற்றச் சொல்கிறான் என்ற பேச்சு ரொட்டிக்கடையில் தொடங்கி எண்ணெய் ஆலை வரை போனது. அவர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தளபதி பதவியையும் கேட்கவில்லை, காட்சியை வெட்டவும் சொல்லவில்லை. அவர் கேட்டது முப்பது குண்டுமணி எடைக் கறுப்பு வெடிமருந்தும் ஒரு தடவை விசையை இழுக்க அனுமதியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை நிறைந்திருந்தபோது உள்ளே வந்தார். முகப்பு மேசையில் கை ஊன்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நான் எதையும் வெட்டச் சொல்லல. இருக்கிறது இருக்கட்டும், நானே சொல்றேன். நாடகந்தான. இருபத்தாறு வருஷமா வருஷத்துல மூணு நாள் கிறிஸ்தவனா இருந்திருக்கேன், அரை மணி நேரம் கூட்டி இருந்தா ஒன்னும் ஆயிடாது."

கடையே சிரித்தது. நான்கு பேர் அவருக்குக் காப்பி சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. சமையலறைக்கு அவர் கை கழுவ வந்தபோது கேட்டேன்.

"எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"மாட்டேன்னா, பாத்தியா நம்மளோட கலக்கமாட்டான்னு சொல்வாங்க. வெட்டினா, பாத்தியா நம்மள மாத்தறான்னு சொல்வாங்க. இப்ப ரெண்டும் சொல்ல முடியாதுல்ல. அடுத்த வருஷம் எதுவும் பேசாம போய் என் வரிசையில நின்னுக்குவேன் ரெமேய். எனக்கு வேற என்ன வேணும்."

"உன் மனசு?"

"மனசு எனக்கும் கடவுளுக்கும் தெரியும். குவளைத் தண்ணிக்கு அவரு கோவிச்சுக்க மாட்டாரு." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த வருஷத் தளபதி மாதிரி எங்கள் ஊர் பார்த்ததில்லை. இதை நான் நட்புக்காகச் சொல்லவில்லை. குதிரை மேல் அவர் உட்கார்ந்த விதம், பல் டாக்டர்கள் கனவிலும் உட்கார முடியாதது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், அவர்களிடம் பேசிப் பேசி நேயுஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சண்டை நாள் முதல் வெடியை மீமூனுக்கு அடுத்த முறைக்காரன் போட்டான். அதை அவர் குதிரை மேலிருந்து, எதிரியின் பக்கத்திலிருந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் கோயில் வாசல். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வசனம் எடுத்துக்கொடுக்கிற ஆள் தயாராக நின்றான், தேவைப்படவில்லை. மீமூன் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தார். நரைத்த தலை. முழங்கால் வலியோடு மெதுவாக மண்டியிட்டார். குரல் தெளிவாக இருந்தது.

"தோற்றது என் வாள் மட்டுமன்று. என் முன்னோர் நடந்த வழியும் இன்று தோற்றது. இருளில் பிறந்தேன், இருளில் நடந்தேன். கதவைத் திறவுங்கள், உங்கள் ஒளியில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

விதை கொறிக்கும் சத்தம் இல்லை. குவளைத் தண்ணீர் அவர் தலையில் விழுந்து கழுத்து வழியாகப் பட்டுக்குள் இறங்கியது. அப்புறம் கைதட்டல் ஆரம்பித்தது. முதலில் படிக்கட்டுப் பக்கம், பிறகு பால்கனிகள், பிறகு சதுக்கம் முழுவதும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சுவரில் எழுதினவர்கள் தட்டினார்கள். கார்க்கொட்டகைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள் தட்டினார்கள். பாவம், நேயுஸும் தட்டினாள். ஒரு நாள் பூசையும் தவறவிடாத கான்சூலோ கிழவி அழுதுகொண்டே கூட்டத்தை விலக்கி வந்து, ஈரத் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டு, "வந்துட்டியா மகனே" என்றாள்.

"நாடகந்தாம்மா" என்றார் மீமூன்.

"ஆமாமா. ஆண்டவர் எந்த வழியிலயும் கூப்பிடுவாரு" என்றாள் அவள்.

கைதட்டல் நிற்கவில்லை. மண்டியிட்டபடியே அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

விசென்ட் ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டான். அவனுக்கும் கண்ணில் தண்ணீர். "இப்பத்தான் நீ நம்ம ஆளு, மீமூன்" என்றான்.

"இப்பத்தானா?"

விசென்டுக்கு அது காதில் ஏறவில்லை. "அடுத்த வருஷம் முதல் வெடி உனக்குத்தான். மருந்தும் நானே என் கையால தரேன். இனிமே எவன் கேக்கப்போறான்?"

"போன வருஷம் கேட்டவங்க இனிமே ஏன் கேக்கமாட்டாங்க?"

விசென்ட் குனிந்து தரையில் கிடந்த தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தான்.

கூட்டம் கலைந்ததும் மீமூன் ஈரப் பட்டோடு என் சமையலறைக்கு வந்து, உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"போன வருஷம் பல் டாக்டரு பகோதான தளபதி?" என்று கேட்டார்.

"ஆமா."

"இதே வசனம் சொன்னான்."

"பாதி சொன்னான். பாதி ஏப்பம் விட்டான்."

"யாராவது கை தட்டினாங்களா?"

நான் அடுப்பைத் துடைத்தேன். இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"நான் உள்ளதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் ரெமேய்" என்றார். "இத்தன வருஷமும் இவங்க வாசல்ல நின்னு, இவன் எப்ப உள்ள வருவான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் கைப்பேசி கைப்பேசியாகக் கடல் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கார்க்கொட்டகையில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லையாம், பக்கத்தில் நின்றவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார்களாம். நாடோரில் அவர் பெண்களைக் கட்டிய மருமகன்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். யமீனா மட்டும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாளாம்: "அவங்க உன்னைச் சேத்துக்கறது உனக்கு அவ்வளவு வேண்டியிருந்துதா?" ஊரில் என்னவோ எல்லாரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். கான்சூலோ கிழவி ஒரு ஜெபமாலை அனுப்பினாள். நீ வேற என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அவர் கடைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

அடுத்த ஆகஸ்டில் புறப்படும் முன், இந்தத் தடவை செப்டம்பரில்தான் வருவேன் என்று விசென்டிடம் சொல்லிவிட்டுப் போனார். விசென்ட் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, சண்டை நாள் விடியல் வரை பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் படியில் ஏறியது பாதிஸ்தே. அவன் முறை முடிந்து வருஷக்கணக்காகிறது, மீமூனின் இடத்தில் நிற்க வேறு யாரும் முன்வராததால் ஏறினான்.

செப்டம்பர் முதல் வாரம் மீமூன் வந்தார். மதியம் மூன்று மணி, கடையில் யாரும் இல்லை. காப்பி கேட்டார். நாடோரில் வெயில் எப்படி என்று கேட்டேன், வழக்கம்போலத்தான் என்றார். யமீனா எப்படி இருக்கிறாள் என்றேன், இருக்கிறாள் என்றார். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"முதல் வெடி பாதிஸ்தே போட்டான்" என்றேன். என்றைக்கிருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அவன்தான்னு நெனச்சேன். எப்பவும் மருந்த அதிகமாக் கொட்டுவான், நல்லா இடிக்கமாட்டான்" என்றார். "அதான் ரெண்டு தடவ புஸ்ஸுன்னு போயி மூணாவதுலதான் வெடிச்சுது. நான்னா ஒரே இழுப்பு."

சரிதான். இரண்டு தடவை புகைந்தது, மூன்றாவதில்தான் வெடித்தது. ஆனால் நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லையே. அன்றைக்கு ஊரே சதுக்கத்தில் நின்றது. மேல்தெருவில் எல்லா வீட்டிலும் சன்னல் கதவுகள் அடைத்திருந்தன, அவர் வீட்டிலும்.

வாய் தவறிவிட்டதை அவரும் உணர்ந்துவிட்டார். கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"வந்து எத்தன நாளாச்சு?" என்று கேட்டேன்.

"வழக்கமா வர்ற அன்னிக்குத்தான் வந்தேன்" என்றார் மீமூன்.